போனிக்குப் பிடரி தடிச்சுக்கிட்டே போகுது, பட்டினி போடலாமா?

கிராஞ்சிக்காரன்:
ரேஸ் குதிரைங்களோடயே இருந்தவன் நான். 2024 அக்டோபர் 5-ஓட சிங்கப்பூர் கிராஞ்சி மைதானத்துல கடைசி ரேஸ் முடிஞ்சிடுச்சு, இப்ப புள்ளைங்க சவாரி கத்துக்கிற லாயத்துல வேலை. ரேஸ் குதிரைக்கு எவ்வளவு கொட்டினாலும் உடம்புல ஒட்டாது. இங்க ஒரு போனி, அதான் மட்டக்குதிரை இருக்கு, 220 கிலோ, தண்ணி குடிச்சாலே உடம்பு போடுது! பிடரிக் கொழுப்பைப் பிடிச்சு ஆட்டினா அசையவே மாட்டேங்குது. வாலடியிலயும் ரெண்டு பக்கமும் மேடு. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படல. ஓட்ஸை நிறுத்திட்டேன். மேனேஜர் "ரெண்டு நாள் தீனியே போடாதே"ங்கிறார். டாக்டர் அடுத்த வாரம்தான் வர்றார். என்ன செய்யலாம்?

லாடம்:
அண்ணே, பட்டினி மட்டும் வேணாம். கொழுத்த போனிக்குத் திடீர்னு தீனியை நிறுத்தினா, உடம்புக் கொழுப்பெல்லாம் ஒரேயடியா ரத்தத்துல இறங்கி ஈரலைக் கெடுத்துடும். உயிரே போயிடலாம். ரேஸ் குதிரைக் கணக்கு இதுக்கு ஒத்துவராது.

உடல் எடையில 1.5 சதவீதம் காய்ஞ்ச தீனி குடுங்க, இதுக்கு நாளைக்கு 3.3 கிலோ வரும். கைக்கணக்கு வேணாம், தராசுல நிறுங்க. எடை போட்டப்புறம் ஹேயை, அதான் காய்ஞ்ச புல்லை, தண்ணியில ஊறப்போட்டா சர்க்கரை கொஞ்சம் இறங்கும். ஒரு மணி நேரம் போதும், நம்ம வெக்கைக்கு ராத்திரி முழுக்க விட்டா புளிச்சு நாறும். அந்தத் தண்ணியைக் குதிரை குடிக்காம கொட்டிடுங்க. சத்து உப்பும் அதோட போயிடும், அதனால தாதுக் கலவை சேர்க்கணும்.

புக்கிட் பாத்தோக் அக்கா:
குளம்பைத் தொட்டுப் பார்த்தீங்களா? சூடா இருந்தாலோ, குளம்புக்கு மேல நாடி திம்திம்னு அடிச்சாலோ, கால் மாத்தி மாத்தி நின்னாலோ அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. ரத்தத்துல இன்சுலின் ஏறினா குளம்புக்குள்ள வீங்கி நொண்டிடும். டாக்டர்கிட்ட இன்சுலின் டெஸ்ட்டுன்னே கேளுங்க. சர்க்கரையை மட்டும் பார்த்தா பெரும்பாலும் நார்மலாத்தான் காட்டும்.

கிராஞ்சிக்காரன்:
இப்பத்தான் தொட்டேன், சூடு இல்லக்கா. நல்லாத்தான் நடக்குது. ஹேயை எடை போட்டுப் பார்த்தா, நான் தினம் அள்ளிப் போட்டது கிட்டத்தட்ட 6 கிலோ! அது போக சனி ஞாயிறு வந்தா புள்ளைங்க கேரட்டு, பிரெட்டு எல்லாம் ஊட்டுதுங்க. பெத்தவங்க நின்னு போட்டோ வேற எடுக்கிறாங்க. நான் யாரைத் திட்டுறது?

லாடம்:
பிரெட்டை முதல்ல நிறுத்துங்கண்ணே. புள்ளைங்க கையில பிரஷ்ஷைக் குடுங்க, தேய்ச்சு விடட்டும், போட்டோவுக்கும் ஆச்சு. குளம்பு நல்லா இருக்கிற வரைக்கும் தினம் கொஞ்சம் வேகமா நடக்கவிடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நெஞ்சைச் சுத்தி டேப் வெச்சு எழுதிக்குங்க. எடை இறங்கினாலும் பிடரி லேசுல கரையாது.