மறுமொழி: ‘ஸ்பைடர் கேஸ்கெட்’ – சிலந்தியா, ஆரக்காலா?

> ‘சிலந்தி அடைப்பான்’ என்றே போடலாமே, நேர்ப்பொருள் வந்துவிடுகிறது. கழிவுநீர் போகும் குழாய்க்கு நம் ஊர்ச் சொல் ‘மறுகால்’ இருக்கிறது.

அண்ணாச்சி, வணக்கம். ‘ஸ்பைடர் கேஸ்கெட்’டுக்குச் ‘சிலந்தி அடைப்பான்’, கழிவுக் குழாய்க்கு ‘மறுகால்’ என்று நீங்கள் எழுதிய இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முட்டம் முதல் கன்னியாகுமரி வரை கடலோர விடுதிகளில் நீச்சல்குள வடிகட்டிகளைப் பழுதுபார்க்கிறவன் நான். என்னோடு வேலை பழகும் பையன்களுக்கான கையேட்டுக்குத்தான் இந்தச் சொற்கள். மணல் வடிகட்டியின் வால்வில் பெரும்பாலும் ஆறு நிலைகள். வடிகட்டல், பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலை அலசுவது), கழிவு என்று ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வேறு வழியில் ஓடும். அந்த வழிகளைக் கலக்கவிடாமல் பிரிப்பது உள்ளே பள்ளத்தில் பதிந்திருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் என்ற இந்த ரப்பர்தான். நடுவில் ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், இரண்டையும் சேர்க்கும் கால்கள். வண்டிச் சக்கரம் பார்த்தவனுக்கு இது ஆரக்கால். ‘மூன்றாவது ஆரக்கால் கிழிந்திருக்கிறது’ என்று பையன் சொன்னால் எந்த இரண்டு அறைகளுக்கு நடுவே தண்ணீர் தாவுகிறது என்று எனக்குப் புரிந்துவிடும். சிலந்தி அதைச் சொல்லாது. ‘கேஸ்கெட்’டுக்கு ‘வாசர்’ இருக்கட்டும். நாகர்கோவில் கடைகளில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆகவே, ஆரக்கால் வாசர்.

இதைவிட அவசரமானது ‘லீக்’. விடுதியிலிருந்து ‘திரும்பவும் லீக்’ என்று அழைப்பு வரும். பையன் போய் மரையில் டெஃப்லான் டேப் சுற்றிவிட்டு வருவான். அடுத்த வாரம் அதே அழைப்பு. மூன்று வேறு பழுதுகளை ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். இப்படிப் பிரிக்கலாம்:

ஒழுக்கு: வெளியே கண்ணுக்குத் தெரிவது. யூனியன் (கழற்றிமாட்டும் குழாய் இணைப்பு), மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள சீல்.

காற்றிழுப்பு: பம்புக்கு முந்தைய குழாயில் வருவது. மோட்டார் ஓடும்போது அங்கே சொட்டாது, காற்றை உறிஞ்சும். குளத்துக்குள் குமிழி வரும். நிறுத்தினால் அதே இடம் சொட்டலாம். ‘ஏர் இழுக்குது’ என்று ஏற்கெனவே சொல்கிறோம், புதிதாக ஒன்றும் தேடவேண்டாம்.

உட்கசிவு: இதுதான் ஆளை அலைக்கழிப்பது. வெளியே எல்லாம் காய்ந்து கிடக்கும், குளத்தில் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். வால்வை வடிகட்டல் நிலையில் வைத்துக் கழிவுக் குழாயின் வாயைப் பாருங்கள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் முதலில் ஆரக்கால் வாசர்மேல். மோட்டார் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பினால் அழுத்தத்தில் வாசர் பள்ளத்தைவிட்டு எழும்பி முறுக்கிக்கொள்ளும். அடியில் ஒரு மணல் சிக்கினாலும் போதும். புது வாசரைப் போட்டுவிட்டு அந்தப் பழக்கத்தை விட்டுவைத்தால் பழுது திரும்பத்தான் செய்யும். இதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடவேண்டும்.

இன்னொன்று. ஓ-ரிங்குக்கு வாஸ்லின் தடவும் வழக்கம் பரவியிருக்கிறது. ரப்பர் விளையும் மாவட்டத்தில் இதைச் சொல்லவேண்டியிருப்பது வருத்தம்தான். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பரும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரும் ஊதிப்போகும். சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே.

மறுகாலுக்கு வருகிறேன். குளம் பெருகியபின் மிஞ்சும் நல்ல தண்ணீர் அடுத்த குளத்துக்கோ வயலுக்கோ போகும் வழி அது. அழுக்குத் தண்ணீர்க் குழாய்க்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

---

தம்பி, ஆரக்கால் வாசருக்குச் சம்மதம். தட்டை வளையம் மட்டுமே வாசர் என்று நினைத்திருந்தேன், கடையில் செல்லுபடியாகும் சொல் என்றால் இருக்கட்டும். ஆனால் மறுகாலைத் தூக்கிப் போடாதீர்கள். மழையில் நீச்சல்குளமும் நிரம்புகிறதே, மேல்விளிம்பில் வழிந்து போக ஒரு குழாய் வைக்கிறார்களே, ‘ஓவர்ஃப்ளோ’ என்று, அதற்குப் பொருந்தாதா?

---

பொருந்துகிறது அண்ணாச்சி. ஓவர்ஃப்ளோ இனி மறுகால், மற்றது கழிவுக் குழாய். பட்டியலில் சேர்த்துவிட்டேன். ‘பேக்வாஷ்’ மட்டும் நிற்கிறது. ‘எதிரலசல்’ என்று ஒன்று தோன்றியது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் வேலையிடத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.