‘ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்’: உதவியாளரா, இணை மருத்துவரா, துணைஞரா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கித் தர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் பகுதியில் பிள்ளைகளுடன் வந்து தங்கியிருக்கும் தமிழ் முதியவர்களுக்கு, இங்குள்ள மருத்துவமனைகளில் தங்களைப் பார்ப்பவர்கள் யார் யார், அவர்களுடைய தகுதி என்ன என்று விளக்குவதே அதன் நோக்கம். மற்றவை முடிந்துவிட்டன. மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதித்து மருந்தெழுதும் ‘ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்’ என்பவரைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற ஒன்று மட்டும் நான்கு நாள்களாக என்னை நகரவிடவில்லை.

முதலில் ‘மருத்துவ உதவியாளர்’ என்றே எழுதியிருந்தேன். அது போதாது என்பதை என் மாமியார்தான் எனக்கு உணர்த்தினார். சென்ற மாதம் நெஞ்சுச் சளிக்காக அவரை அழைத்துச் சென்றபோது, ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் ஒருவரே அரை மணி நேரம் பொறுமையாகப் பரிசோதித்து மருந்தும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், குப்பியில் ஒட்டியிருந்த சீட்டில் இரண்டு பெயர்கள் இருப்பதைப் பார்த்த அத்தை, “இதில் யார் டாக்டர்?” என்று கேட்டார். ஒன்று மருந்து எழுதியவர் பெயர், மற்றது அவரை மேற்பார்க்கும் மருத்துவர் பெயர், எழுதியவர் மருத்துவரின் உதவியாளர் என்று சொன்னேன். “அப்படியானால் கம்பவுண்டர் கொடுத்த மருந்தா?” என்றவர், மூன்று நாள் அந்தக் குப்பியைத் திறக்கவே இல்லை.

அவர் நினைத்ததுபோல் அது எடுபிடி வேலையன்று. 1965இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்தப் படிப்பைத் தொடங்கினார். 1967இல் முதல் அணி வெளிவந்தது. இன்று பட்டமேற்படிப்பை முடித்து, முந்நூறு வினாக்கள் கொண்ட நாடளாவிய தேர்வில் தேறிச் சான்று பெற்றாலும், பணியாற்றும் மாநிலம் தனியே உரிமம் வழங்கினால்தான் ஒருவர் நோயாளியைத் தொட முடியும். கடைசியாக மிசிசிப்பி 2000ஆம் ஆண்டில்தான் உரிமம் வழங்க முன்வந்தது. டெக்சஸில் இதற்கென்றே ஒரு வாரியம், மாநில மருத்துவ வாரியத்தின்கீழ் இயங்குகிறது. இரத்த அழுத்தம் பார்த்து, எடை குறித்து, அறைக்குள் அமர்த்திவிட்டுப் போகும் ‘மெடிக்கல் அசிஸ்டன்ட்’ முற்றிலும் வேறானவர். பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு உரிமமே தேவையில்லை. நான் எழுதிய ‘மருத்துவ உதவியாளர்’ அவருக்குத்தான் பொருந்தும்.

‘பி.ஏ.’ என்று சுருக்கி எழுதலாமென்றால், நம்மவர்க்கு அது இளங்கலைப் பட்டம், அல்லது அமைச்சரின் நேர்முக உதவியாளர். வழிகாட்டுங்கள்.

டாலஸிலிருந்து

*

அன்புடைய அம்மையாருக்கு,

தங்கள் மாமியாரின் கேள்விக்கு வள்ளுவரே விடை வைத்திருக்கிறார். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளை நினைவுகூர வேண்டுகிறேன்.

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து

நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்று ஒருவனைத் தனித்து நிறுத்துகிறார். மருத்துவனை முன்னரே ‘தீர்ப்பான்’ என்று சொல்லிவிட்டதால் இவன் மருத்துவன் அல்லன். ஆனால் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒரு கூறாக வைத்து எண்ணப்படுவதால் எடுபிடியும் அல்லன். ‘உழை’ என்பது பக்கம், இடம். அமைச்சு அதிகாரத்தில், அரசன் அறியாதவனாகவே இருந்தாலும் உறுதியானதை எடுத்துச் சொல்வது ‘உழையிருந்தான்’ கடமை என்கிறார். பக்கத்தில் இருப்பவன் தாழ்ந்தவன் அல்லன், தன் அறிவால் பேச வேண்டியவன் என்பது அங்கே விளங்கும். ஆகவே ‘மருத்துவ உழையர்’ என்பதை முன்மொழிகிறேன். ஈராயிரம் ஆண்டுப் பழமையான சொல் கையில் இருக்கும்போது, ஆங்கிலத்தின் நிழலில் நின்று ‘உதவி’, ‘இணை’ என்று நாம் ஏன் தேட வேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து

*

ஐயா அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

குறள் மேற்கோள் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளாக நோயாளிகளிடம் பேசிவரும் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘உழையர்’ என்று காதில் விழுந்ததும் எவருக்கும் உழைப்புதான் நினைவுக்கு வரும், பக்கம் வராது. எட்டுப் பக்கக் கையேட்டில் ஒரு சொல்லுக்கு உரை எழுத இடமில்லை.

நேற்று நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘இணை மருத்துவர்’ எனக்கு இன்னும் கவலை தருகிறது. தமிழில் தொகையின் கடைசிச் சொல்தான் ஆளைச் சுட்டும். இணைப் பேராசிரியர் பேராசிரியர்தான். இணை இயக்குநர் இயக்குநர்தான். ‘இணை மருத்துவர்’ என்பதை வினைத்தொகையாகக் கொண்டு ‘இணைந்த, இணைகின்ற, இணையும் மருத்துவர்’ என்று விரித்தாலும், பண்புத்தொகையாகக் கொண்டாலும், எஞ்சி நிற்பது மருத்துவர். தம்மை மருத்துவர் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதே இந்தத் தொழிலுக்கு விதிக்கப்பட்டிருக்கும் முதல் கட்டுப்பாடு. சட்டம் தடுப்பதை நம் சொல் வழங்கிவிடக் கூடாது.

‘துணை மருத்துவர்’ என்பதற்கும் அதே குறை உண்டு. அதோடு, தமிழ்நாட்டில் ஆய்வக நுட்பம், கதிரியக்க நுட்பம் போன்றவற்றைத் ‘துணை மருத்துவப் படிப்புகள்’ என்று மாணவர் சேர்க்கை அறிவிப்புகளிலேயே எழுதிவிட்டார்கள்.

ஆங்கிலத்திலும் இது தீர்ந்த வழக்கன்று. அமெரிக்காவில் இவர்களுடைய சங்கம் 2021இல் ‘அசிஸ்டன்ட்’ என்பதைக் கைவிட்டு ‘அசோசியேட்’ என்று மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தது. மருத்துவர் சங்கம் அதை எதிர்த்தது. சட்டத்தில் அந்தப் பெயரை முதலில் ஏற்ற மாநிலம் ஓரிகன், 2024இல். பிரிட்டனிலோ ‘அசோசியேட்’ என்றே வழங்கிவந்தார்கள். 2024 டிசம்பரில் அங்குள்ள பொது மருத்துவ மன்றம் இவர்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, நோயாளிகள் இவர்களை மருத்துவர் என்று மயங்குகிறார்கள் என்ற கவலையில், ‘அசிஸ்டன்ட்’ என்று மாற்றுமாறு அரசு அமைத்த மறுஆய்வு பரிந்துரைத்தது. ஒரே தொழிலின் பெயர் ஒரு கரையில் ஏறுகிறது, மறுகரையில் இறங்குகிறது. இந்த நிலையில் ஆங்கிலச் சொல்லுக்கு நேர் தமிழ் தேடினால், அவர்கள் மாற்றும்போதெல்லாம் நாமும் மாற்ற நேரும். செய்யும் பணியிலிருந்துதான் பெயர் பிறக்க வேண்டும்.

சென்னையிலிருந்து

*

அன்புடையீர்,

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் 2025 ஏப்ரல் முதல், மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் அதே அமைப்புதான் (‘கல்லூரி’ என்பது அதன் பெயர்) இவர்களையும் பதிவுசெய்து ஒழுங்குபடுத்துகிறது. எனவே இந்தச் சொல் எங்களுக்கும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டனார் காலத்துக் கிராம ஆசுபத்திரியில் நோய் பார்த்து மருந்து தந்தவரை ‘அப்போதிக்கரி ஐயா’ என்றுதான் அழைத்தார்கள். அவர் டாக்டர் அல்லர் என்பது ஊருக்குத் தெரியும், அவருடைய மருந்தை யாரும் குப்பியோடு மூடிவைக்கவும் இல்லை. கடன்சொல் என்பதற்காக மதிப்புக் குறையவில்லை. மாசச்சூசெற்சிலிருந்து 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர், 1860களில் கற்பித்தலையே தமிழுக்கு மாற்றி, ‘இரண வைத்தியம்’ என்று அறுவை நூலுக்குப் பெயர் வைத்தார். அதே கை வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றும் வைத்தது. தமிழ் கிடைத்த இடத்தில் தமிழையும், கிடைக்காத இடத்தில் ஒலிபெயர்ப்பையும் கொண்டார். அவருடைய வழியில் ‘பிசிசியன் அசிஸ்ரன்ற்’ என்றே எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் கொடுத்தால் என்ன?

இன்னொன்று. உங்கள் ‘மருத்துவர்’ எங்களுக்கு ‘வைத்தியர்’, உங்கள் ‘உரிமம்’ எங்களுக்கு ‘அனுமதிப்பத்திரம்’. கையேடு இலங்கைத் தமிழர் கைகளுக்கும் போகும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

*

அனைவருக்கும் நன்றி.

இன்று வியாழன். உங்கள் மடல்களைத் திரும்பத் திரும்ப வாசித்ததில், துணை என்ற சொல்லை அடைமொழியாக முன்னே வைப்பதுதான் சிக்கல், அதையே இறுதியில் வைத்தால் சிக்கல் தீரும் என்று தோன்றியது. இளைஞர், கலைஞர், கவிஞர் வரிசையில் ‘துணைஞர்’ என்றால் கடைசிச் சொல் மருத்துவர் ஆகாது. ‘துணைவர்’ என்றால் கணவன் மனைவி உறவு நுழைந்துவிடுகிறது, ‘துணைஞர்’ அதைத் தவிர்க்கிறது. அசிஸ்டன்ட், அசோசியேட் என்று எதுவாக மாறினாலும் துணை இரண்டுக்கும் இடம்கொடுக்கும். தெய்வத்தையே துணை என்று சொல்லும் மொழியில் அது தாழ்வும் ஆகாது.

அடுத்து, ‘மருத்துவர் துணைஞர்’ என்பதா, ‘மருத்துவத் துணைஞர்’ என்பதா? உயர்திணைப் பெயர் ஈற்றின் முன் வல்லினம் இயல்பாகும் என்பதால் முன்னதில் ஒற்று மிகாது, அது மருத்துவர்க்குத் துணை. ஒற்று மிக்க பின்னது மருத்துவத்துக்குத் துணை. ஒரு ‘த்’ இந்தத் தொழிலின் நெடுநாள் வழக்கையே சுமக்கிறது. டெக்சஸில் இன்றும் மருத்துவரின் மேற்பார்வையும், மருந்தெழுத எழுத்துமூல ஒப்பந்தமும் கட்டாயம். வட டகோட்டாவோ 2019இல் அத்தகைய ஒப்பந்தத் தேவையைப் பெரும்பாலும் விலக்கிவிட்டது. ஆனாலும் இரண்டு மாநிலங்களிலும் உரிமம் அவருடைய சொந்தப் பெயரில்தான் இருக்கிறது, தவறினால் வாரியத்தின் முன் நிற்பவரும் அவர்தான். ஆகவே ஒற்றோடு ‘மருத்துவத் துணைஞர்’ என்று முடிவுசெய்கிறேன். முதல் இடத்தில் மட்டும் ஒலிபெயர்ப்பைப் பக்கத்தில் தருகிறேன், ஏனெனில் மருத்துவமனை வரவேற்பறையில் அத்தையின் காதில் விழப்போவது அதுதான். விளக்க வரி இது:

“மருத்துவத் துணைஞர் மருத்துவர் அல்லர். ஆனால் அதற்கென்று படித்து, தேர்வில் தேறி, மாநில உரிமம் பெற்றவர். உங்களைப் பரிசோதிக்கவும் மருந்து எழுதவும் அவருக்கு உரிமை உண்டு.”

ரொறன்ரோ நண்பர் சொன்னபடி, ‘வைத்தியர்’, ‘அனுமதிப்பத்திரம்’ இரண்டையும் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன். சென்னை மருத்துவரும் மேலும் மூவரும் தனிமடலில் உடன்பட்டார்கள். அத்தையிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார்.

*

அம்மா,

தங்கள் கெடு எனக்குப் புரிகிறது. கையேடு அவ்வாறே போகட்டும். ஆனால் என் மறுப்பைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அரசுப் பதவிப் பெயர்கள் துணை என்பதை ‘அடுத்த நிலை’ என்ற பொருளில் தேய்த்துவிட்டன. துணை ஆட்சியர், துணைத் தலைவர் என்று கேட்டுப் பழகிய காது துணைஞரையும் ஒருபடி கீழேதான் வைக்கும். உழைச்செல்வான் மருத்துவனுக்குக் கீழே இல்லை, நோயாளியின் பக்கத்தில் இருக்கிறான். உழைப்பு நினைவுக்கு வரும் என்று மருத்துவர் ஐயா சொன்னதைக் குறையாக நான் கருதவில்லை. அடுத்த பதிப்பு எப்போது வரும் என்பதைத் தெரிவியுங்கள், மீண்டும் எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து