எத்தனை இன்ச் ஏற்றலாம்? லிஃப்ட் கிட், டயர், பம்பர் - அனுபவப் பகிர்வு

ஜிம்னி, கோயம்புத்தூர்

மாருதி ஜிம்னி வாங்கியவர்களில் பாதிப் பேர் முதல் சர்வீஸ் முடிவதற்குள் கேட்டுவிடும் கேள்விதான் தலைப்பில் இருப்பது: ஸ்பிரிங், ஷாக் மாற்றும் லிஃப்ட் கிட் போட்டு வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்? நானும் அதே கேள்வியோடுதான் போனேன். மெக்கானிக் அண்ணன் பதிலே சொல்லவில்லை. "வண்டியில என்னென்ன ஏத்துவீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். ஸ்டீல் பம்பர் உண்டா, வின்ச் (சிக்கிய வண்டியை வடம் கட்டி இழுக்கும் மோட்டார்) உண்டா, பின்னால் எப்போதும் சாமான் இருக்குமா, வழக்கமாக எத்தனை பேர் உட்காருவீர்கள் என்று வரிசையாகக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார்.

காரணம் எளிது. நல்ல கம்பெனி காயில் ஸ்பிரிங்குகளை உயரத்துக்கு மட்டும் பார்த்துச் செய்வதில்லை. எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்பதற்கும் சேர்த்துத் தரம் பிரித்துத்தான் விற்கிறார்கள். பம்பரும் வின்ச்சும் சுமக்கச் செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் மாட்டினால், சொன்னதைவிட உயரமாக நிற்கும், வேகத்தடையில் குதிக்கும். பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தால் அன்று வீட்டில் கச்சேரிதான். நான் பம்பர் எதுவும் மாட்டவில்லை என்பதால் லேசான ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற ஷாக்கும் போட்டோம். ஏறியது 40 மி.மீ. அது எனக்குப் போதும்.

ஒரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. ஜிம்னியில் முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே நீள ஆக்ஸில். ஸ்பிரிங் மாற்றினால் பாடிதான் மேலே போகும். ஆக்ஸிலில் புடைத்து நிற்கும் கியர் கூடான டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்த வேண்டுமென்றால் டயர்தான் வழி. கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் ஏறக்குறைய 693 மி.மீ. 215/75 போட்டால் உருண்டைக்கு அடியில் 5 மி.மீ. கிடைக்கும், 235/75 என்றால் 20 மி.மீ. அப்படியானால் லிஃப்ட் எதற்கு? ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,590 மி.மீ., மூன்று கதவு வண்டியைவிட நீளம். மேட்டின் உச்சியில் வயிறு தட்டும். லிஃப்ட் அங்கேதான் காப்பாற்றுகிறது.

அப்புறம் ஸ்டீயரிங். பாடி உயர்ந்ததும் முன் ஆக்ஸில் கொஞ்சம் சுழன்று, ஸ்டீயரிங்கை நேருக்குக் கொண்டுவரும் சாய்வான காஸ்டர் கோணம் குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் சோம்பல் காட்டும், ஹைவேயில் வண்டி அலைபாயும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் நீளம் மாறாததால் ஆக்ஸிலும் சில மில்லிமீட்டர் ஒருபக்கமாக நகர்ந்து நிற்கும். காஸ்டர் புஷ்ஷும், நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராடும் இதற்காகத்தான் இருக்கின்றன. கிட் விலை கேட்கும்போதே இவை உண்டா என்று கேளுங்கள். மலிவான கிட்டில் பெரும்பாலும் இருக்காது.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றிருந்தேன். வேலை தொடங்குமுன் வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கண்ணாடியிலேயே மார்க்கரில் எழுதினார். ஸ்பிரிங் மாட்டி முடித்தும் ஆக்ஸிலைப் பிடிக்கும் ஆர்ம்களின் போல்ட்டுகளை முழுதாக முறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, பானெட்டை இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டிவிட்டு, அடியில் படுத்துக்கொண்டு அப்புறம்தான் சரியான அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்தார். ஜாக்கியில் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் ரப்பர் அந்த நிலையிலேயே இறுகிவிடும். வண்டி இறங்கியதும் எந்நேரமும் திருகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கடைசியில் ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பி பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று பார்த்தார். வீல் அலைன்மென்ட் முடித்து, ஹெட்லைட்டையும் இறக்கி வைத்தோம். இல்லையென்றால் எதிரே வருகிறவர் நம்மைச் சபித்துக்கொண்டே போவார்.

பழைய தார் சிஆர்டிஇ, ஏற்காடு

ஜிம்னிக்காரர் சொன்னது எல்லா வண்டிக்கும் அப்படியே பொருந்தாது. பழைய மஹிந்திரா தாரில் பின்னால் பட்டை (இலை ஸ்பிரிங்), முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது முன்பக்கம் கெத்தாகத் தூக்கி நின்றது. முந்தைய உரிமையாளர் டார்ஷன் பாரை முறுக்கிவிட்டிருந்தார். இதற்குக் காசு அதிகம் செலவாகாது, ஒரு ஸ்பேனர் போதும், அதனால்தான் பலர் செய்கிறார்கள். ஆனால் சஸ்பென்ஷன் கீழே இறங்க வேண்டிய தூரம் அதில் போய்விடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது டக்கென்று இரும்பு இரும்போடு இடிக்கும். முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டும் அதிகக் கோணத்தில் மடங்கி ஓடுகிறது. என் வண்டியில் அதன் ரப்பர் பூட் கிழிந்து, வீலின் உட்பக்கம் முழுக்க கறுப்பு கிரீஸ் தெறித்துக் கிடந்தது.

பழைய அளவுக்கு இறக்கி, பூட் மாற்றினேன். எஸ்டேட் வேலைக்கு மிளகு மூட்டை ஏற்றுவதால் பின்பட்டையில் ஒரு இலை சேர்த்தேன். மூட்டை இருந்தால் சொகுசு. காலியாகப் போனால் முதுகு பதில் சொல்லும். மனைவி அதில் ஏறுவதை நிறுத்திவிட்டார்.

ஸ்கார்பியோ, மதுரை

சஸ்பென்ஷன் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டீர்கள். நான் பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டு பற்றிச் சொல்கிறேன். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது, மாநிலங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியது. அப்படியிருந்தும் டெலிவரி அன்று என்னிடம் அதை விற்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்றதும், "சார், மாடு குறுக்கே வந்தா?" என்று ஒரு கேள்வி. மாடு வந்தால் பம்பர் நசுங்கும். நசுங்குவதுதான் அதன் வேலை. இரும்புக் கம்பியை நேராக சேஸிஸில் கட்டினால் இடியின் வேகம் உள்ளே போகும், ஏர்பேக் திறக்க வேண்டிய கணக்கும் மாறிப்போகலாம்.

தம்பி ஒருவன் எல்இடி பார் (நீளமான கூடுதல் விளக்கு) மாட்ட ஹெட்லைட் ஒயரையே வெட்டி இணைத்துவிட்டான். ஒயர் சூடேறி இன்சுலேஷன் உருகி நாற்றம் வந்த பிறகுதான் தனி ரிலே, தனி ஃபியூஸ் போட்டான். ரோட்டில் அதை எரியவிட்டு வருகிறவர்களுக்கு நான் வழியும் விடுவதில்லை.

ஒரு சந்தேகம். ஜிம்னிக்கு 235 போட்டுவிடலாமா?

ஜிம்னி, கோயம்புத்தூர்

போடலாம், ஆனால் நான் போடவில்லை. சுற்றளவு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும். மீட்டர் 80 காட்டும்போது முன்பைவிட 4, 5 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும். இழுவையும் அதே அளவு குறையும். இன்ஜினின் முறுக்குவிசை (டார்க்) 134 நியூட்டன் மீட்டர்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியில் ஆள் நிறைய ஏற்றிப் போனால் இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதையும் யோசியுங்கள்; அந்தக் கனத்தை கீல்தான் தாங்க வேண்டும். 215 போட்டு ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் அப்புறம் 235 பற்றிப் பேசலாம்.