"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா

போன ஆவணியில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வீடு மாறினோம். இவர் மாற்றல் கேட்டு வாங்கியதே அந்தத் தெருவை விட்டுக் கிளம்பத்தான். பையன் தவறி அப்போது ஒன்றரை வருஷம். தெருவில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் வாசல் வந்தால் கீரைக்காரம்மா கூவுவதை நிறுத்திக்கொண்டு தாண்டிப் போவார். ஸ்கூல் ஆட்டோ பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தது. எல்லாம் நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் தினம் தினம் அதைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை.

அவனுக்கு வந்தது ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோயிலேயே அதுதான் அதிகம். ஐந்து வயதில் கண்டுபிடித்தார்கள். சென்னையில் வைத்தியம். முதல் ஏழெட்டு மாசம் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினோம். மெயின்டனன்ஸ், அதாவது பெரும்பாலும் வீட்டிலேயே மாத்திரை கொடுக்கிற கடைசிக் கட்டம், ஆரம்பித்த பிறகு மாசா மாசம் உழவன் எக்ஸ்பிரஸ். ஸ்லீப்பரில் புற்றுநோயாளிக்கு டிக்கெட் காசு கிடையாது, துணைக்குப் போகிற ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அந்த கன்செஷன் ஃபாரம் ஒன்று இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. மாத்திரை முடிய நாலு மாசம் இருக்கும்போது நோய் திரும்ப வந்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தது. டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிற நாட்களில் அந்த நேரத்துக்குத்தான் அவனுக்கு அகோரப் பசி எடுக்கும். முகம் உப்பலோடு உட்கார்ந்து தோசை கேட்பான், ஆறு ஏழு தின்பான். பழைய வீட்டில் லைட் போடாமலே போய்க் கல்லை அடுப்பில் வைத்துவிடுவேன். இங்கே சுவரைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஸ்விட்ச் கிடைக்கவில்லை. கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கிறதென்று காலையில்தான் தெரிந்தது. இந்த அடுப்படியில் அவனுக்கு ஒரு தோசைகூட வார்த்ததில்லை. தோன்றியது அவ்வளவுதான். விடிகிறவரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா தட்டில் கொய்யா நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். (நறுக்கின பழத்தைப் பார்த்தால் இன்னும் என் கை பின்னால்தான் போகும். ரத்தத்தில் வெள்ளையணு கவுண்ட் எப்போது இறங்கும், எப்போது கிருமி தொற்றும் என்று தெரியாததால் வீட்டில் தோல் உரிக்கிற பழம் தவிர வேறு கிடையாது, தண்ணீர் கொதிக்காமல் கிடையாது.) உட்கார்ந்ததும் கேட்டார்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணுக்கா. ஆறாவது படிக்கிறா."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் அப்படி வந்துவிட்டது. மகள் பக்கத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அவளோடு படிக்கிற பிள்ளை ஒன்று வந்தது, தன் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "ஆன்ட்டி, இவனும் ரெண்டாவதுதான். உங்க பையனோட வெளையாடட்டும்னு கூட்டிட்டு வந்தேன்." என் மகளுக்கு முகம் வெளுத்துப் போய்விட்டது. புது ஸ்கூலில் தம்பி இருக்கிறான், ரெண்டாவது படிக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவன் போகும்போது ரெண்டாவதுதான். அவள் கணக்கில் இன்னும் பாஸாகவில்லை.

நான் அந்தப் பெண்ணிடம், "தம்பி இப்ப இல்லம்மா, உடம்புக்கு முடியாம தவறிட்டான்" என்றேன். அவனைப் பற்றி இந்த ஊரில் நான் பேசிய முதல் வார்த்தை அது. அந்தப் பொடியன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப அவன் சைக்கிள் இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. லாரியில் ஏற்றுவதா வேண்டாமா என்று நானும் இவரும் பேசிக்கொள்ளவே இல்லை, எப்படியோ ஏறி வந்துவிட்டது. டயரில் காற்று இல்லை. பம்ப்பை எந்த மூட்டையில் கட்டினோம் என்று தேடி எடுக்க அரை மணி நேரமாயிற்று.

ரேஷன் கார்டில் அட்ரஸ் மாற்ற இ-சேவை மையம் போனபோது அந்தப் பையன் கார்டைப் பார்த்துவிட்டு, "பேரு நீக்கம் ஏதாவது இருந்தா சேத்துப் போட்டுரலாம்மா" என்றான். எல்லாரிடமும் கேட்பதுதான் போல. இவர் சட்டைப்பையிலிருந்து மடித்த இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். ஒன்றரை வருஷமாக நாங்கள் செய்யாமல் இருந்த வேலை. அடுத்த மாசம் கடையில் தலைக்கு அரைக் கிலோ கணக்கில் சர்க்கரை ஒன்றரைக் கிலோ நிறுத்துப் போட்டார்கள். நாலு பேராக இருந்தவரை ரெண்டு கிலோ. கிலோ இருபத்தஞ்சு ரூபாய் சர்க்கரை. பை கனம் குறைந்திருந்தது கைக்குத் தெரிந்தது.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "ரெண்டு. சின்னவன் தவறிட்டான்" என்று சொல்லப் பார்க்கிறேன். சொன்னால் அடுத்தது, என்ன ஆச்சு. அதற்கும் பதில் சொன்னால், பிராய்லர் கோழி கொடுத்தீங்களா, பக்கத்துல செல்போன் டவர் இருந்துச்சா. அதையும் தாங்கிவிடுவேன், நம் பிள்ளைக்கு வராது என்று அவர்கள் மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முதல் வாரமே சொல்லிவிட்டார். தாங்க முடியாதது வேறொன்று: "அது இப்பல்லாம் கொணமாயிடுதே!" உண்மைதான். எங்கள் வார்டில் அவனோடு சேர்ந்தவர்களில் நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள், போட்டோ அனுப்புகிறார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

புது இடம் போனவர்கள் இருந்தால், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

* * *

கோவையிலிருந்து ஓர் அப்பா

எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. அதனால எத்தனைன்னு கேட்டா, ஒண்ணுன்னு சொல்லணும், இல்லைன்னா இல்லைன்னே சொல்லணும்.

14 வயசுல முழங்கால் எலும்புல கட்டி, ஆஸ்டியோசர்கோமாங்கற எலும்புப் புற்றுநோய். எலும்பை எடுத்துட்டு உலோகம் வெச்சாங்க. படி ஏற முடியாதுன்னு, சூலூர் பக்கம் இருந்த இடத்துல அவளுக்காகவே வீட்டை ஆரம்பிச்சோம். கீழேயே ரூம், பாத்ரூம்ல கைப்பிடி, வாசல்ல படிக்குப் பதிலா சரிவு. கான்கிரீட் போட்ட வாரம் எடுத்த ஸ்கேன்ல நுரையீரலுக்குப் போயிருந்துச்சு. பூச்சு வேலை முடியறதுக்குள்ள அவ இல்லை.

மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஏனுங் சார், சரிவை ஒடச்சுப் போட்டு படி கட்டிரலாமுங்களா?" வேண்டாம்னுட்டேன். வருசம் திரும்பாம கிரகப்பிரவேசம் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க, அதனால ஒரு வருசம் வாடகையும் லோன் தவணையும் சேர்த்துக் கட்டினேன். அப்புறம் விடியக்காலைல பாலைக் காய்ச்சிட்டுக் குடி போனோம். யாரையும் கூப்பிடலை.

சிலிண்டர் போடறவருக்கு எங்க வீடுன்னா குஷி. "உங்க வீட்டுக்கு மட்டுந்தானுங்க உருட்டிட்டே வரலாம். யாருக்குங்க இப்படிப் போட்டீங்க?" பாப்பாவுக்குன்னேன். "வெளியூர்ல படிக்குதுங்களா?" தலையாட்டிட்டேன். அதுல இருந்து சிலிண்டர் வர்றப்பெல்லாம், "பாப்பா சௌக்கியமுங்களா?" சௌக்கியம்னு சொல்லிட்டிருக்கேன். போன தடவை, "எந்த காலேஜுங்க?"ன்னார். பேரும் சொன்னேன். உள்ள வந்தா சம்சாரம் அடுப்புப் பக்கம் திரும்பி நிக்கறாங்க, ஒண்ணும் பேசலை.

பாத்ரூம் கைப்பிடியை இப்ப எங்கம்மா புடிச்சுக்கறாங்க.

* * *

மதுரையிலிருந்து ஒருவர்

நான் இந்தக் கேள்வியைக் கேட்ட ஆள். எங்க மாடி வீட்டுக்குப் புதுசா வந்தவங்ககிட்ட பழக்கதோஷத்துல கேட்டுட்டேன். "ரெண்டு, ஒண்ணு கேன்சர்ல போயிருச்சு"ன்னாங்க. எனக்குச் சட்டுனு ஒண்ணும் ஓடல, "நல்ல பிள்ளைகளைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்"னு சொல்லித் தொலைச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் மொட்டை மாடில நின்னா அவங்க துணி காயப்போட வரவே இல்ல.

ஒருநாள் வத்தல் பிழிஞ்சுட்டு இருக்கேன், அவங்களே வந்து பக்கத்துல உக்காந்து தட்டைப் பிடிச்சாங்க. பேரென்ன பிள்ளைக்குன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரு கீழ இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டும் ரெண்டு பேரும் எறங்கல.

* * *

தஞ்சாவூர் அம்மா மறுபடியும்

கோவை அண்ணா, சிலிண்டர்காரர்கிட்ட எதையும் மாத்திச் சொல்லிடாதீங்க. நான் எதிர்வீட்டு அக்காகிட்டதான் இன்னும் திருத்திச் சொல்லல. ஒரு பொண்ணுன்னு சொன்ன வீட்டு வாசல்ல தினமும் ஒரு பொடியன் சின்ன சைக்கிள் ஓட்டுறதை அவங்களும் பாக்குறாங்க, கேட்கல. இன்னைக்கு முன்னாடி ட்யூப் போயிடுச்சு. இவர் எடுத்துட்டுப் போயிருக்கார்.