கிரேக்கப் பெயரடைகள்: ஆங்கிலச் சொந்தங்கள் காலை வாரிய கதைகள்

செனடாஃப் சாலைக்காரன்:
இறையியல் கல்லூரி, இரண்டாம் பருவத் தேர்வு. பைபிளின் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து மொழிபெயர்க்க வேண்டும், 2 கொரிந்தியர் 5:17. ‘கைனே க்திசிஸ்’ என்று கண்டதும் பேனா ஓடிவிட்டது. கிரேக்கப் பெயரடைகளை அவற்றின் ஆங்கிலச் சொந்தங்களை, அதாவது அதே வேரில் வந்த ஆங்கிலச் சொற்களை, வைத்தே மனப்பாடம் செய்தவன் நான். ‘கெனோஸ்’ என்றால் வெறுமை. செனடாஃப் என்றால் வெற்றுக் கல்லறை. (சென்னைச் சாலைக்கு அந்தப் பெயர் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் நினைவிடத்தால் வந்தது. மனிதரைப் புதைத்ததோ காஜிப்பூரில்.) செனோசோயிக்கும் (புவியியலில் இப்போது நடக்கும் யுகம்) அதே வேர்தான் என்று நினைத்திருந்தேன். “வெறுமையான படைப்பு” என்று எழுதிவைத்தேன். ஆசிரியர் வகுப்பில் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓய்வுநாள் பள்ளியில் இந்த வசனத்தை எப்படி ஒப்பித்தாய், தம்பி?”

“புதுச்சிருஷ்டி, ஐயா.”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

இரவுப்பணி:
எனக்கு நேர்மாறு. நான் செவிலி. டாக்கிகார்டியா (இதயம் வேகமாகத் துடிப்பது), பிராடிகார்டியா (மெதுவாகத் துடிப்பது) இரண்டும் வார்டில் அன்றாடச் சொற்கள். யாக்கோபு 1:19ஐ முதன்முறை கிரேக்கத்தில் படித்தபோது ‘டாகூஸ்’ வந்தது, அடுத்து ‘பிராடூஸ்’, மறுபடியும் ‘பிராடூஸ்’. மானிட்டர் சத்தமே காதில் கேட்டது. தமிழில் “பொறுமையாயும்”, “தாமதமாயும்” என்று இரண்டு சொல்லாக இருப்பது கிரேக்கத்தில் ஒரே சொல்! அன்று தூக்கம் வரவில்லை.

பழைய பெஞ்சு:
முதலாமவருக்கு: முறையைக் குறை சொல்லாதீர்கள். ‘கைனோஸ்’ புதியது (செனோசோயிக்), ‘கெனோஸ்’ வெற்று (செனடாஃப்). ஆங்கிலம் இரண்டையும் ஒரே எழுத்தில் நசுக்கிவிட்டது. இன்றைய கிரேக்கர் வாயிலும் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். ஆகவே காதை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள். ‘மெகாஸ்’ (பெரிய) படித்தால் பெண்பால் ‘மெகாலே’யையும் சேர்த்தே படியுங்கள், மெகாபோன் ஒன்றிலிருந்து, மெகலோமேனியா மற்றதன் அடியிலிருந்து. ‘மெலாஸ்’ கருப்பு, அதன் அடி ‘மெலன்’, அதிலிருந்து மெலனின். ‘குளோரோஸ்’ இன்னும் மோசம். 1810இல் வேதியியலாளர் டேவி குளோரினுக்குப் பெயர் வைத்தது அந்த வாயுவின் மஞ்சட்பச்சையைப் பார்த்து. மாற்கு 6:39இல் அதே சொல் பசும்புல். வெளிப்படுத்தல் 6:8இல் மங்கின நிறக் குதிரை! அப்புறம் ‘அகதோஸ்’. ‘நல்ல’ என்ற இவ்வளவு அடிப்படையான சொல்லுக்கு ஆங்கிலத்தில் உருப்படியான சொந்தமே இல்லை, அகதா என்ற பெயரைத் தவிர. தினம் ஐந்து சொல், காலையில்…

செனடாஃப் சாலைக்காரன்:
ஐயா, நான் அறிவுரை கேட்கவில்லை. அகதோஸ் மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. எங்கள் வகுப்பில் ஓர் அகதா இருந்தாள். அன்று முதலில் சிரித்தவள் அவள்தான்.