சந்திரயான்-3க்கு 40 நாள், அப்போலோவுக்கு 4 நாள்: ஏன்?

ஆரணிக்காரன்:
மகள் ஏழாவது படிக்கிறாள், பள்ளியில் சந்திரயான்-3 பற்றிப் பேசப் போகிறாள். அப்போலோ 11 1969 ஜூலை 16 கிளம்பி 20-ஆம் தேதியே இறங்கிவிட்டது, நம்முடையது 2023 ஜூலை 14 கிளம்பி ஆகஸ்ட் 23 தான் இறங்கியது, ஏன்ப்பா என்று கேட்கிறாள். பூமியின் ஈர்ப்பு கவண் மாதிரி சுழற்றி வீசிவிடும், எரிபொருள் மிச்சம் என்று சொன்னேன். ஆனால் சும்மா சுற்றினால் வேகம் எப்படிக் கூடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்:
ராக்கெட்டின் அளவுதான் காரணம். அப்போலோவைத் தூக்கிய சாட்டர்ன் 5 ராக்கெட் கிளம்பும்போது 2,900 டன்னுக்கு மேல், அதனால் நேராக நிலவை நோக்கித் தள்ளிவிட முடிந்தது. சந்திரயான்-3ஐத் தூக்கிய நம்முடைய எல்விஎம்3 ராக்கெட் சுமார் 640 டன்தான்.

மகேந்திரகிரி:
அண்ணா, உங்கள் சந்தேகம் சரிதான், கவண் கதை தவறு. பூமியைச் சுற்றுவதால் ஒரு துளி வேகம்கூட இலவசமாகக் கிடைக்காது. கீழே வரும்போது கூடுகிற வேகம் மேலே ஏறும்போது அப்படியே போய்விடும்.

ராக்கெட் விட்டுச்சென்ற பாதை ஒரு நீள்வட்டம், கிட்டத்தில் 170 கி.மீ., தூரத்தில் சுமார் 36,500 கி.மீ. கிட்டத்தில் வரும்போது நொடிக்கு 10 கி.மீ.க்கு மேல் பறக்கும், தூரத்தில் 2 கி.மீ.கூட இருக்காது. வேகமாகப் போகும்போது எரித்தால் அதே எரிபொருளுக்கு அதிக ஆற்றல் சேரும். ஊஞ்சல் அடிமட்டத்தில் விரைந்து போகும்போது அதே பக்கம் தள்ளிவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 3,900 கிலோ கலத்தைத் தள்ளும் எஞ்சினின் விசை வெறும் 440 நியூட்டன் (பூமியில் சுமார் 45 கிலோவைத் தாங்கும் அளவு), கிட்டத்தில் இருப்பதோ கொஞ்ச நேரம்தான், அதனால் ஒரே தள்ளில் முடியாது. ஜூலை 25-க்குள் ஐந்து முறை தள்ளி, தூரப்புள்ளியை 1,27,000 கி.மீ.க்கு மேல் கொண்டுபோனார்கள். ஜூலை 31 நள்ளிரவில் நிலவை நோக்கித் தள்ளியதும் ஆகஸ்ட் 5-ஆம் தேதியே நிலவின் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. அந்தப் பயணம் மட்டும் ஐந்து நாள்தான்! மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உண்மையான கவண் என்றால் நாசாவின் வாயேஜர் 2 விண்கலம். அது 1979-இல் வியாழனை ஒட்டிப் போனபோது, சூரியனைச் சுற்றி ஓடும் வியாழனின் வேகத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

நெய்தல்:
படிப்படியாகப் போவதில் இன்னொரு லாபம், தவறினால் சரிசெய்யலாம். செவ்வாய்க்குப் போன மங்கள்யானில் 2013 நவம்பர் 11 அன்று தூரப்புள்ளியை 1 லட்சம் கி.மீ.க்கு உயர்த்தப் பார்த்தார்கள், சுமார் 78,000-லேயே நின்றுவிட்டது. மறுநாளே இன்னொரு முறை எரித்து 1 லட்சத்தைத் தாண்டவைத்தார்கள். அப்புறம் சந்திரயான்-3இன் லேண்டர் (நிலவில் இறங்கும் கலம்) சூரிய ஒளியில் இயங்குவது, இறங்கும் இடத்தில் பொழுது விடியும் சமயத்துக்குத்தான் போகணும். சீக்கிரம் போயிருந்தாலும் அங்கே சுற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆரணிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மகள் கேட்கிறாள்: நிலவுக்குப் பக்கத்தில் போனதும் தானாகவே அதைச் சுற்ற ஆரம்பித்துவிடுமா?

மகேந்திரகிரி:
நல்ல கேள்வி! தானாகச் சுற்றாது. எஞ்சினைப் போகும் திசைக்கு எதிராக அரை மணி நேரம் எரித்து வேகத்தைக் குறைத்தார்கள். எரியாமல் போயிருந்தால் நிலவு பிடித்துவைக்காது, கலம் மறுபடி பூமிப் பக்கமே திரும்பியிருக்கும்.