ஹெல்லெபோரில் புதிதாக எடுத்ததை என்னவென்று சொல்வது? தேர்வகை, கால்வழி: இரண்டு சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தோழி கேட்ட கேள்வியில் இந்த இழை தொடங்கியது. குளிர்காலம் முடியும் தறுவாயில் பூக்கும் ஹெல்லெபோர் என்ற தோட்டச் செடியில், தோட்டத்துக்கென்று புதிதாக ஒன்றை உருவாக்கினால், அந்த ஒன்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘புதிய இனம்’ என்று எழுதிவிட்டு, மனம் ஒப்பாமல் இங்கே கேட்டார். அவர் தயங்கியது சரியே. இனம் என்றாலும் சிற்றினம் என்றாலும் அது ‘ஸ்பீஷீஸ்’. ஹெல்லெபோரஸ் பேரினத்தில் அப்படிச் சுமார் இருபது இனங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் ஒருவர் இரண்டு செடிகளைச் சேர்த்து எடுத்த கன்று அந்தக் கணக்கில் ஏறாது.

அதற்குப் பிறகு வகை, ரகம், திரிபு, பயிரிடுவகை, வளர்ப்புவகை, ஒட்டுரகம் என்று வரிசையாகச் சொற்கள் வந்தன. எனக்கு இந்தச் செடியோடு பல வருடப் பழக்கம். குளிர்காலம் முடியும் தறுவாயில் தூரிகையும் நூலுமாக அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்காருபவன் நான். ஆகவே அகராதியை மூடி வைத்துவிட்டு, வேலை நடக்கும் இடத்திலிருந்து பேசுகிறேன்.

ஹெல்லெபோர் பூவில் நாம் இதழ் என்று பார்த்து மயங்குவது அல்லியிதழ் அல்ல, அதற்கு வெளிவட்டமாக மொட்டை மூடியிருக்கும் புல்லியிதழ். உண்மையான அல்லியிதழ்கள் சிறு குழல்களாகச் சுருங்கி, தேன்சுரப்பிகளாக உள்ளே வளையம் கட்டி நிற்கும். புல்லியிதழ் ஆனதால்தான் மகரந்தச் சேர்க்கைக்குப் பிறகும் அது உதிர்வதில்லை. மெல்லப் பச்சை ஏறி, காய் முற்றும்வரை கூடவே இருக்கும். இந்தப் பூவைத் தமிழில் விவரிக்கும்போது ‘ஐந்து இதழ்கள்’ என்று மட்டும் எழுதாமல் ‘ஐந்து புல்லியிதழ்கள்’ என்றே எழுத வேண்டுகிறேன். கீழே அடுக்குப் பூவைப் பற்றிப் பேசும்போது இதன் தேவை தெரியும்.

மொட்டு விரிவதற்கு முந்தின நாள் புல்லியிதழ்களை நுனிவிரலால் விலக்கிப் பார்த்தால், மகரந்தப்பைகள் இன்னும் வெடிக்காமல் நெருக்கமாக இருக்கும். நடுவில் சூல்முடிகள் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு, மகரந்தம் ஏற்கத் தயாராக நிற்கும். பெண்பகுதி முந்துகிறது, ஆண்பகுதி பிந்துகிறது. அந்த இடைவெளிதான் நமக்கான நேரம். வேண்டிய தந்தையின் மகரந்தத்தைத் தூரிகை நுனியில் எடுத்துச் சூல்முடியில் தொட்டுவிட்டு, அந்தப் பூவின் சொந்த மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். காம்பில் ஒரு நிற நூல். நோட்டில் ஒரு வரி. சாறு தோலை அரிக்கும், செடி முழுக்க நஞ்சு, எனவே கையுறை.

பிறகு காய் உப்பும். கோடை தொடங்கும் வேளையில் ஒருபுறமாக வெடிக்கும். கருத்துப் பளபளக்கும் விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும். எறும்புக்கு அது மிகவும் பிடிக்கும். விதையோடு இழுத்துக்கொண்டு போய்விடும். ஒருமுறை காய்க்குத் துணிப்பை கட்ட ஒரு நாள் தாமதித்தேன். மறுநாள் வெறும் தோலும் எறும்பு வரிசையும்தான் மிச்சம். ஒரு வருட வேலை அதோடு போயிற்று.

விதையை உடனே விதைக்க வேண்டும், காயவைத்தால் முளைப்பு தள்ளிப்போகும். சில வாரம் வெதுவெதுப்பு, அதன் பின் சில வாரம் குளிர் என்று இரண்டையும் பார்த்த பிறகே முளை வெளியே வரும். அதிலிருந்து முதல் பூவுக்குப் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு. அந்த மூன்றாம் ஆண்டில்தான் நம் சொற்பிரச்சினை பூக்கிறது. ஒரே காயிலிருந்து வந்த கன்றுகளில் ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று மங்கிய ரோஜா, ஒன்று புள்ளி விழுந்த வெள்ளை, ஒன்று பச்சை ஓடியது. எல்லாம் உடன்பிறப்புகள், ஆனால் எதுவும் எதைப்போலவும் இல்லை. அதில் ஒன்றே ஒன்று நாம் தேடிய செடி. அதை எப்படிப் பெருக்குவது?

தூரைப் பிரித்து நடலாம். பிரித்த ஒவ்வொன்றும் தாய்ச்செடியேதான், அதே நிறம், அதே பூ. ஆனால் ஹெல்லெபோர் தூர் மெதுவாகப் பருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சில துண்டுகள் கிடைத்தால் உண்டு. அதனால் பலரும் செய்வது இன்னொன்று. ஒத்த தோற்றமுள்ள செடிகளையே தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் சேர்த்து, விதையிலிருந்தே ஏறத்தாழ ஒரே முகச்சாயலில் கன்றுகள் வரும்படி செய்கிறார்கள். ஆங்கிலத்தில் முதலாவது ‘கல்டிவார்’. இரண்டாவதைத் தோட்டக்காரர்கள் ‘ஸ்ட்ரெயின்’ என்கிறார்கள். பேச்சில் இரண்டையுமே ‘வெரைட்டி’ என்று சொல்லிவிடுவதால்தான் நம் மொழிபெயர்ப்பும் குழம்புகிறது. என் கட்சி ஒன்றுதான்: செடி எந்த வழியில் நம் கைக்கு வந்தது, தூரிலிருந்தா விதையிலிருந்தா என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். அதற்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

முதலில் கல்டிவார். லிபர்ட்டி ஹைட் பெய்லி என்ற தாவரவியலார் 1923-இல் இந்தச் சொல்லை ஆக்கினார். ‘கல்டிவேட்டட்’, ‘வெரைட்டி’ இரண்டையும் முறித்து ஒட்டிய சொல் அது. ‘பயிரிடுவகை’, ‘வளர்ப்புவகை’ இரண்டும் அதன் உடலை அப்படியே தமிழில் எடுத்தவை. ஆனால் சொல்லின் பொருள் அதற்குப் பிறகு நகர்ந்துவிட்டது. 1953-இல் முதன்முதலாக வெளிவந்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட பயிர்த் தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பு கல்டிவாருக்கு என்ன இலக்கணம் சொல்கிறது என்று பாருங்கள். ஏதோ ஒரு பண்புக்காகவோ சில பண்புகளுக்காகவோ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். உரிய முறையில் பெருக்கும்போது அந்தப் பண்புகளில் தனித்தும் சீராகவும் நிலைத்தும் இருக்க வேண்டும். பயிரிடுவது என்பது இதில் உயிர்நாடி அல்ல. காட்டு ஹெல்லெபோரைக் கொண்டுவந்து பாத்தியில் வைத்தாலும் அது பயிரிடப்படுகிறது, வளர்க்கப்படுகிறது, கல்டிவார் ஆகாது. உயிர்நாடி தேர்வு.

ஆகவே நான் முன்வைப்பது: தேர்வகை.

ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. தேர்ந்த வகை, தேர்கின்ற வகை, தேரும் வகை என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்து நிற்கின்றன. கல்டிவாருக்கு இது மிகவும் பொருந்துகிறது. ஒருமுறை தேர்ந்துவிட்டால் முடியவில்லை. ஒவ்வொரு முறை பெருக்கும்போதும் பிறழ்ந்ததை ஒதுக்கி, ஒத்ததை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனிதர் உருவாக்காத செடியையும் இந்தச் சொல் ஏந்திக்கொள்ளும். 1971-இல் எலிசபெத் ஸ்ட்ராங்மன் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் மாண்டினீக்ரோவில் காட்டு ஹெல்லெபோர்களுக்கு நடுவே அடுக்குப் பூச்செடிகள் இரண்டைக் கண்டெடுத்தார். ‘டைடோ’, ‘ஈனியாஸ்’ என்று பெயர் பெற்றவை அவை. அவர் அவற்றைக் கலக்கவும் இல்லை, உருவாக்கவும் இல்லை. ஒரு மலைச்சரிவு முழுக்க ஒற்றைப் பூக்கள் நிற்க, இந்த இரண்டின்மேல் கண் நின்றது. அந்தக் கண்தான் தேர்வு. இன்றைய அடுக்கு ஹெல்லெபோர்கள் பலவற்றின் பின்னால் அந்த இரண்டும் இருக்கின்றன. ‘ஆக்கவகை’, ‘உருவாக்கவகை’ போன்ற சொற்கள் இந்த இடத்தில் வழுக்கிவிடும்.

அடுக்குப் பூ என்றேன். கட்டுரையில் ‘இரட்டைப் பூ’ என்று இருந்தது, தயவுசெய்து மாற்றுங்கள். ஒற்றைச் செம்பருத்தி, அடுக்குச் செம்பருத்தி என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இங்கே புதுச்சொல்லே தேவையில்லை. ஹெல்லெபோரில் அடுக்கு எப்படி வருகிறது என்றால், மேலே சொன்ன தேன்சுரப்பிக் குழல்கள் விரிந்து, புல்லியிதழ் போலவே நிறம் பெற்றுவிடுகின்றன. அடுக்கையும் ஒற்றையையும் சேர்த்தால் முதல் தலைமுறையில் பெரும்பாலும் ஒற்றைதான். அந்தக் கன்றுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அடுக்கு மீண்டும் தலைகாட்டும். தலைமுறைக்கு மூன்று ஆண்டு என்று கணக்குப் போட்டால் ஆறு ஆண்டு. அதேபோல் விளிம்பில் மட்டும் வேறு நிறம் ஓடும் பூவுக்குக் ‘கரைப்பூ’ போதும். சேலைக்குக் கரை உண்டு, வேட்டிக்குக் கரை உண்டு, பூவுக்கும் இருக்கட்டும்.

இப்போது இரண்டாவது, ஸ்ட்ரெயின். ‘திரிபு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். திரிபு என்றாலே மாறிப்போனது என்ற பொருள் முன்னால் வந்து நிற்கிறது. ஸ்ட்ரெயினிலோ, உள்ளே சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தும் முகச்சாயல் கலையாமல் வருவதுதான் விசேஷம். குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அக்காவும் தங்கையும் ஒரே அச்சு அல்ல, ஆனாலும் அந்த வீட்டு மூக்கு தெரியும். தமிழில் இதற்கு, வம்சம் என்ற பொருளில், கால்வழி என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ட்ரெயினுக்கு அதையே முன்வைக்கிறேன். ‘விதைவழி’ என்றால் ‘விதையின் மூலம்’ என்ற பொருளோடு மோதும்.

ரகம் பற்றி. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த சொல், பேச்சில் அதுவே இருக்கட்டும். முதல் எழுத்து ரகரம் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டல்ல. ஆனால் தரத்தையும் அதே சொல்தான் குறிக்கிறது; துணியும் ரகம், மனிதரும் ஒரு ரகம். தூர்வழி, விதைவழி வேறுபாடு வேண்டிய இடத்தில் ரகம் கைகொடுக்காது. ஒட்டுரகம் நிச்சயமாக வேண்டாம். ‘வீரிய ஒட்டு’ என்று இருசெடிக் கலப்பைச் சொல்கிறோம், ‘ஒட்டுக் கட்டுவது’ என்று ஒரு கிளையை இன்னொரு தண்டில் பொருத்துவதையும் சொல்கிறோம். ஹெல்லெபோரை ஒட்டுக் கட்டுவதில்லை, கலக்கிறோம். அதற்குக் கலப்பினம் இருக்கிறது.

செடியின் பெயருக்குக் கடுகுரோகிணி என்று பரிந்துரைத்த ஐயாவுக்கு: பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளில் அப்படிப் பொருள் எழுதியிருப்பது உண்மை. ஆனால் மருந்துச் சரக்காக நாம் கடுகுரோகிணி என்று அறிவது இமயமலையில் வளரும் பிக்ரோரைசா. குடும்பமே வேறு. நஞ்சுள்ள ஒரு செடிக்கு மருந்தின் பெயரை வைப்பது ஆபத்து. ஹெல்லெபோர் ஹெல்லெபோராகவே இருக்கட்டும்.

*

நண்பர்களே, நேற்றைய மடலுக்கு வந்த மறுமொழிகளுக்கு நன்றி. இரண்டுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

> தேர்வகை என்றால் தேர்களில் உள்ள வகைகள் என்று படிக்கத் தோன்றுகிறதே?

தனியாக எழுதிப் பார்த்தால் எனக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றியது. தேர்வு, தேர்தல் என்று படிக்கும்போது யாருக்கும் சக்கரம் நினைவுக்கு வருவதில்லையே என்பதால் துணிந்தேன். ‘ஹெல்லெபோர் தேர்வகை’, ‘தேர்வகைப் பெயர்’, ‘தேர்வகைக் குழு’ என்று சொற்றொடரில் வைத்துப் படித்துப் பாருங்கள். எழுதும் முறையும் துணை செய்யும்: தேர்வகைப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுவது பன்னாட்டு வழக்கம். ‘டைடோ’ என்று குறிக்குள் இருந்தால் தேர்வகை. குறியில்லாமல் வந்தால் கால்வழியாக இருக்கலாம்.

> கன்று வாங்குபவருக்குக் கால்வழி என்றால் புரியுமா? அவருக்கு வேண்டியது என்ன நிறத்தில் பூக்கும் என்பதுதான்.

இந்தக் கேள்வி என்னை நிறுத்திவிட்டது. நானே ஒருமுறை கறுப்பு அடுக்கு என்று பெயர்ச்சீட்டைப் பார்த்துக் கன்று வாங்கி, இரண்டு குளிர்காலம் காத்திருந்து, மங்கிய ஊதா ஒற்றைப் பூவைப் பார்த்தவன். சீட்டில் பொய் இல்லை. அந்த வழியில் பிறந்த கன்றுதான். அது விதையிலிருந்து வந்தது என்பதை மட்டும் சீட்டு சொல்லவில்லை. ஆகவே சொல்லோடு ஒரு வரியும் சேர வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். சீட்டில் இப்படி எழுதலாம்:

கறுப்பு அடுக்குக் கால்வழி. விதைக்கன்று. பூவின் நிறமும் அடுக்கும் கன்றுக்குக் கன்று மாறலாம்.

தேர்வகையானால்:

‘டைடோ’. தேர்வகை. தூர் பிரித்தது.

ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பில் பெருக்கியதையும் தேர்வகை என்றே சொல்லலாம், ‘தூர் பிரித்தது’ என்ற இடத்தில் ‘திசு வளர்ப்பு’ வரும். விதையே பிடிக்காத சில கலப்பினங்களுக்கு அந்த வழிதான்.

தோழியின் கட்டுரையில் இன்னும் ஒரு சொல் பாக்கி. ஒற்றைக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு பூ உண்டு. வெளியே ஐந்து புல்லியிதழ்கள் வழக்கம்போல் இருக்கும். தேன்சுரப்பிகள் மட்டும் பாதி விரிந்து, மகரந்தத்தாள்களைச் சுற்றிச் சுருக்கு வைத்த கழுத்துப்பட்டி போல நிற்கும். ஆங்கிலத்தில் அனிமோனி என்ற வேறொரு பூவின் பெயரால் சொல்கிறார்கள், தமிழில் அது எதையும் உணர்த்தாது. ‘சுருக்குப்பூ’, ‘குஞ்சப்பூ’ இரண்டும் எனக்குத் தோன்றின. குஞ்சம் தொங்குவது, இது நிமிர்ந்து வளையமாக நிற்பது. அதனால் சுருக்குப்பூ பக்கம் சாய்கிறேன், முழு மனதில்லை. மகரந்தம் சேர்ந்த பிறகு அந்த வளையம் மட்டும் உதிர்ந்துவிடும், பூ சாதாரண ஒற்றை போல மிஞ்சும். என்னிடம் இன்று காலை ஒன்று விரிந்திருக்கிறது. வளையம் இருக்கும்போதே பார்த்து, இன்னும் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுகிறேன். உங்களுக்குத் தோன்றுவதையும் எழுதுங்கள்.